பிறந்தநாள் மேசையில் எந்தப் புத்தகம்?

கேள்வி: சின்ன நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பிரபலங்களின் பிறந்தநாள் வந்தால் வாசலுக்கு நேரே ஒரு மேசை போட்டு, அவர்களுடைய படத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் வைக்கிறேன். எல்லாரும் நின்று படத்தைப் பார்க்கிறார்கள், புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. எங்கே தப்பு?

பதில்: வாழ்க்கை வரலாற்றில்தான். எழுநூறு பக்கத்தைப் பார்த்ததும் எடுத்துப்போகிறவர் அநேகமாக அதை ஏற்கெனவே படித்தவராகத்தான் இருப்பார். அந்த மனிதரே எழுதியது ஏதாவது உண்டா என்று முதலில் தேடுங்கள், அதுவும் சின்னதாக.

பிப்ரவரி 12 டார்வின் பிறந்தநாள். உடனே பரிணாமப் புத்தகத்தைத் தூக்கி வைப்போம், புரட்டுகிறவர் முதல் அத்தியாயத்தின் புறாக்களிலேயே களைத்துப்போவார். ஆனால் 1876இல் அவர் குடும்பத்தாருக்காக எழுதிய தன்வரலாறு அப்படி இல்லை. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது ஒரு மரப்பட்டையை உரிக்கிறார், இரண்டு அபூர்வ வண்டுகள் கிடைக்கின்றன, கைக்கு ஒன்றாகப் பிடித்துவிட்டார். மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டதும் வலக்கையில் இருந்ததை வாய்க்குள் போட்டுக்கொள்கிறார்! அது நாக்கு எரிய எதையோ பீய்ச்ச, துப்பிவிட்டார், அதுவும் போச்சு, மூன்றாவதும் போச்சு. அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள், போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 1887இல் மகன் வெளியிட்ட பதிப்பில் மதம் பற்றிய சில பகுதிகளை வெட்டிவிட்டார்கள், பேத்தி 1958இல் முழுசாகக் கொண்டுவந்தார். உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள்.

அதே நாளில், அதே 1809இல் பிறந்தவர் லிங்கன். பக்கத்தில் அவரையும் வையுங்கள். நவம்பர் 7க்கு மேரி க்யூரியும் (1867) சி.வி. ராமனும் (1888). இவர்களுக்குள் சம்பந்தம் தேடிக் களைக்க வேண்டாம், ஒருவரைத் தேடி வருகிறவர் இன்னொருவரையும் எடுத்துப்போவார், அதற்குத்தான் தேதி.

ஜூன் 12க்கு யோசிக்கவே வேண்டாம். ஆன் ஃபிராங்குக்கு 1942இல் 13 வயது ஆனபோது கிடைத்த பிறந்தநாள் பரிசே அந்த நாட்குறிப்பு.

அப்புறம், பிறந்தநாளன்று வைக்காதீர்கள், ஒரு வாரம் முன்னாலேயே வையுங்கள். ஒருவர் எடுத்துப்போனால் மேசை காலியாகிவிடும், மாற்றாக நாலைந்து புத்தகம் கைவசம் இருக்கட்டும். படத்தையும் கொஞ்சம் சின்னதாக்கலாம்.

கேள்வி: டால்ஸ்டாய் பிறந்தது ஆகஸ்ட் 28 என்கிறது ஒரு புத்தகம், செப்டம்பர் 9 என்கிறது இன்னொன்று. எது சரி?

பதில்: இரண்டுமே. ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் அதற்கும் இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டிக்கும் 12 நாள் வித்தியாசம். நான் செப்டம்பர் 9க்கே ஓட்டுப் போடுவேன், ஏனென்றால் அன்றுதான் கல்கிக்கும் பிறந்தநாள் (1899). டால்ஸ்டாய்க்கு 'போரும் அமைதியும்' வேண்டாம், 'இவான் இலியிச்சின் மரணம்' வையுங்கள், ஒரே மூச்சில் முடிக்கலாம். கல்கிக்குப் பரிந்துரையே தேவையில்லை, 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களும் ஒரே நேரத்தில் அலமாரியில் இருந்தால் அதுவே அதிசயம்.

கேள்வி: நான் பிறந்தது பிப்ரவரி 29. எனக்கெல்லாம் யாரைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: ஆள் இருக்கிறார்கள். இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி (1792), மொரார்ஜி தேசாய் (1896), ருக்மிணி தேவி அருண்டேல் (1904). மொரார்ஜி தன்வரலாறே எழுதியிருக்கிறார். ருக்மிணி தேவிக்கு நடனப் பிரிவுக்குப் போங்கள், 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர் ஆயிற்றே. 1900 நூறால் வகுபடும், நானூறால் வகுபடாது, அதனால் அது லீப் ஆண்டு இல்லை. ஆகவே மொரார்ஜிக்கு முதல் பிப்ரவரி 29 பிறந்தநாள் வருவதற்குள் எட்டு வயது ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் ருக்மிணி தேவி பிறந்தார்.