மதில் சுவருக்கு வெளியே இருக்கும் வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

விமான நிலையத் திட்டமிடல்தான் படிப்பேன் என்று தங்கள் மகள் உறுதியாக இருப்பதையும், எப்போதோ ஒருமுறை கட்டப்படும் விமான நிலையத்தை நம்பி எப்படிப் படிக்கவைப்பது என்று தாங்கள் கலங்குவதையும் அறிந்தேன். தயக்கம் நியாயமானது. ஆனால், இத்துறையின் வேலையில் பெரும்பகுதி நிலையத்தின் மதில் சுவருக்கு வெளியே, ஆண்டுதோறும் ஓயாமல் நடப்பது.

சென்னை மீனம்பாக்கத்தையே பாருங்கள். ஒருபுறம் பரங்கிமலை, ஒருபுறம் அடையாறு, சுற்றிலும் பல்லாவரம், பம்மல், கொளப்பாக்கம் என நெருங்கிவிட்ட குடியிருப்புகள். இரண்டாம் ஓடுபாதையை ஆற்றின்மேல் பாலம் கட்டித்தான் நீட்ட முடிந்தது. பெரிய விமானங்கள் கருவிகளின் துணையோடு இறங்கும் ஓடுபாதையில், முனைக்கு 60 மீட்டர் தள்ளித் தொடங்கும் கற்பனைச் சரிவு ஒன்று, முதல் 3 கிலோமீட்டர் வரை, 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் உயர்கிறது. இந்தச் சரிவைத் தாண்டி எதுவும் உயரக்கூடாது என்பதால், அது தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில், தரைமட்டம் சமமாக இருந்தால், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உட்பட எல்லாம் 20 மீட்டருக்குள் அடங்கவேண்டும்.

கட்டட உயரத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையம் தடையின்மைச் சான்று தருகிறது. பறவைகள் கூடும் என்பதால், விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் குப்பை கொட்டவும் விலங்குகளை அறுக்கவும் 1937ஆம் ஆண்டு விமான விதிகள் தடை விதித்தன. ஆனால் இரைச்சல் மிகுந்த இடத்தில் பள்ளியையும் மருத்துவமனையையும் தவிர்த்து, கிடங்குக்கும் பணிமனைக்கும் இடம் ஒதுக்குவது சி.எம்.டி.ஏ. போன்ற நகரமைப்பு அமைப்புகளின் பொறுப்பு. இவ்விரு தரப்பின் மொழியும் தெரிந்தவர்கள் நமக்கு மிகவும் தேவை என்பது என் உறுதியான கருத்து. சென்னைக்கான புதிய விமான நிலையம் திட்டமிடப்பட்டுள்ள பரந்தூரில் ஏரியையும் வயலையும் இழக்க மறுத்து ஏகனாபுரம் மக்கள் எழுப்பும் கேள்விகளையும் தங்கள் மகள் பாடமாகவே கருதிப் படிக்கவேண்டும்.

படிப்பு, பி.பிளான். எனும் நான்காண்டு இளநிலைத் திட்டமிடல் பட்டம். டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் ஜே.இ.இ. மெயின் தேர்வின் 2பி தாளும் அவசியம். பிறகு போக்குவரத்துத் திட்டமிடலில் முதுநிலை படிக்கலாம். விமான நிலையம் என்ற பெயரோடு வரும் குறுகியகாலப் படிப்புகளில் பல பயணியர் சேவைக்கே பயிற்சி தருபவை. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் நிலப் பயன்பாடும் இரைச்சல் வரைபடமும் பாடத்திட்டத்தில் உள்ளனவா என்று தாங்களே படித்துப் பார்த்துவிடுங்கள்.