ஸ்கூல் வண்டி ஓடுது, வீட்டு வண்டி நிக்குது!

கேள்வி: டிரைவிங் ஸ்கூலில் தினமும் விடியற்காலையில் ஒரே ரோட்டில் ஓட்டிப் பழகினேன், நன்றாகவே வந்தது. அண்ணன் காரை எடுத்தால் சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது. பாலம் என்றாலே பயம். டெஸ்டுக்கு முன் எப்படிப் பழகுவது?
– வாசகி, திருச்சி

பதில்: ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் காலடியிலும் கிளட்ச், பிரேக் உண்டு. பாதி வண்டியை அவர்தான் ஓட்டியிருப்பார்!

அண்ணன் காரில் கிளட்ச் பிடிக்கும் உயரம் வேறு. சமதளத்தில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் தணிந்து வண்டி லேசாக அதிரும் இடத்தில் காலை இரண்டு நொடி நிறுத்துங்கள். நகர்ந்த பிறகே முழுதாக விடுங்கள். அந்த இரண்டு நொடி பொறுக்காததால்தான் ஆஃப் ஆகிறது. செகண்ட் கியரிலேயே நின்றிருந்தாலும் ஆகும்.

பாலத்தில் ஏறிப் பார்க்கும் முன், ஆளில்லாத சின்ன மேட்டில் பழகுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கியதும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். பின்னால் உருண்டால் பதறாமல் பிரேக் மிதித்து மறுபடி தொடங்கலாம். ஹாஃப் கிளட்சிலேயே (கிளட்சைப் பாதி மிதித்தபடி) மேட்டில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். கிளட்ச் பிளேட் கருகும், வாடையே சொல்லிவிடும்.

பழகிய ரோட்டை இனி விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு புதுச் சங்கடம் போதும். கடைத்தெருவில் இடது கண்ணாடியை அடிக்கடி பாருங்கள், டூவீலர் அந்தப் பக்கம்தான் நுழையும். இரவில் எதிர் வெளிச்சத்தைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். நீங்களும் டிம் செய்யுங்கள். முதல் மழையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ரோடு வழுக்கும். முன் வண்டியோடு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து மறைத்தால் ஏசி காற்றை அதன்மேல் திருப்பினால் போதும். ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாம் காலி மைதானத்தில்.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே டெஸ்ட். அவசரப்பட வேண்டாம். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' இருக்கட்டும். லைசென்ஸ் உள்ள அண்ணன் முன்சீட்டில், ஹேண்ட்பிரேக் கைக்கு எட்டும்படி உட்காரட்டும். திருப்பத்தை நூறு மீட்டர் முன்பே சொல்லச் சொல்லுங்கள், கடைசி நொடியில் "லெஃப்ட், லெஃப்ட்!" என்று கத்துகிற அண்ணன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.