தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளுக்கு ஏன் பிரேக் பிடிக்காமல் போகிறது?

முதலாண்டு இயற்பியலில் இயக்கவியலையும் வெப்பவியலையும் ஏன் சேர்த்துப் படிக்கிறோம் என்பதற்கு, தருமபுரியிலிருந்து சேலம் போகும் இந்தச் சாலையே நல்ல விடை.

உயரத்தில் இருப்பதாலேயே ஒரு பொருளுக்குள்ள ஆற்றல் நிலையாற்றல். இறங்கும்போது அது குறையும், ஆனால் அழியாது. வேகம் கூடாமல் இறங்கினால் வேறு வடிவத்துக்கு மாறியே ஆகவேண்டும். பிரேக் செய்வது அதைத்தான்: உராய்வால் வெப்பமாக்குகிறது.

எவ்வளவு வெப்பம்? 30 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 2.9 கோடி ஜூல். 30 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அத்தனையும் சில நிமிடங்களில் பிரேக் டிரம்களுக்குள், அதாவது சக்கரங்களோடு சுழலும் உருளைகளுக்குள், இறங்குகிறது. காற்று அவ்வளவு விரைவாக அதை வாங்கிக்கொள்ளாது. டிரம் சூடாகி விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் உராய்வுப் பட்டையான லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

அதனால்தான் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றச் சொல்கிறார்கள். அப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். ஆற்றலின் பெரும்பங்கு எஞ்சினில் செலவாகி, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறும். பிரேக்குக்குச் சுமை குறையும்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய எஞ்சின்களில் நிலைமை நேர்மாறு: கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரிந்துகொண்டிருக்கும்.