பழையதாக ஆக ரெட் ஒயினின் சுவை கூடும் என்பது உண்மையா?

மாமா பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த ரெட் ஒயின் பத்து வருடமாக மதுரை வீட்டு அலமாரியில் இருக்கிறது, இன்னும் வைத்திருந்தால் சுவை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் சுவை கூடாது. கடையில் கிடைக்கிற ஒயின்களில் பெரும்பாலானவை வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை. பல வருடம் நின்று மெருகேறுபவை கொஞ்சம்தான். அதில் நிலத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது பிரான்ஸின் ஒயின் பிரதேசமான பர்கண்டியில்.

அங்கே டிஜோன் நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து தெற்கே அரை மணி நேரத்தில் வோன்-ரொமானே என்ற சின்ன ஊர். ஊரைத் தாண்டிச் சரிவில் ஏறினால் ஒரு தாழ்ந்த கல் சுவரும் கற்சிலுவையும் வரும். சுவருக்குள் இருப்பது 1.81 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். அதுதான் பேர்பெற்ற ரொமானே-கோன்தி திராட்சைத் தோட்டம். 1760-ல் கோன்தி இளவரசர் வாங்கியதால் வந்த பெயர். சாலையிலேயே நில்லுங்கள், தோட்டத்துக்குள் இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சுவரோரமாக வெகுநேரம் நின்றேன். வயல் வரப்பு மாதிரி ஒரு பாதையைத் தாண்டினால் வேறு தோட்டம், வேறு பெயர், வேறு விலை. திராட்சை ஒன்றேதான், பினோ நுவார். அடிவாரத்தில் மண் கனத்து ஈரம் தங்கும், உச்சியில் மண் மெலிந்துவிடும். நடுச்சரிவில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அளவாகக் கலந்திருக்கின்றன, கிழக்கு வெயில் காலையிலேயே விழுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தபோது, பெரும்பாலோர் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டினார்கள். ரொமானே-கோன்திக்காரர்கள் மட்டும் மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடைச் செலுத்தி, சொந்த வேரில் நின்ற பழைய கொடிகளைக் காப்பாற்றி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த மருந்துக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. 1945-ல் கிடைத்தது சுமார் 600 பாட்டில்தான். அதோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டு 1947-ல் புதிதாக நட்டார்கள். அடுத்த ஒயின் வந்தது 1952-ல். அந்த 1945 பாட்டிலில் ஒன்று 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது.

நான் அதைக் குடித்ததில்லை. குடித்தது அதே ஊரின் சாதாரண தரத்து ஒயின், 1985-ல் விளைந்தது. நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, ஊருக்குத் திரும்புகிறேன் என்றதும் நிலவறையிலிருந்து எடுத்து வந்தார். தக்கை பாதியில் உதிர்ந்தது, பொறுமையாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். அப்புறம் பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக வேறு குடுவைக்கு ஊற்றினார். கறுப்பாக வண்டல் கழுத்துவரை வந்ததும் நிறுத்திவிட்டார். கிளாஸின் ஓரத்தில் சிவப்பு போய்ச் செங்கல் நிறம். முதலில் காய்ந்த ரோஜா இதழின் வாசம், கொஞ்ச நேரம் கழித்து மழை விழுந்த மண், காளான். வாயில் துவர்ப்பே உறுத்தவில்லை, ஆனால் விழுங்கிய பிறகும் ருசி போகவில்லை. திராட்சைத் தோலின் துவர்ப்பும் நிறமும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் இறங்கிவிடுவதால்தான் இப்படி ஆகிறது.

அதற்குத் துவர்ப்பும் புளிப்பும் ஆரம்பத்திலேயே போதுமான அளவு இருக்க வேண்டும். இடமும் வேண்டும்: 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, தக்கை காயாமல் பாட்டில் படுத்திருப்பது. மதுரை வெயிலில் பத்துக் கோடை கண்ட பாட்டிலை இனியும் வைத்திருக்காதீர்கள். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் இறங்கியதும் கொஞ்சம் குளிரவைத்து, இந்த வாரமே திறந்துவிடுங்கள். காடி வாசம் அடித்தால் கொட்டிவிடலாம். அடிக்காவிட்டால் மாமா இருக்கும்போதே ஊற்றுங்கள்.