பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள்: ஒரு நிரலரின் கேள்வி-பதில்

மென்பொருள் எழுதுவது என் தொழில், பாட்டு கேட்பது என் பழக்கம். எந்தப் பொருளை வாங்கும்முன்பும் அதன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு கடையிலேயே நின்றுவிடுவது, வீட்டார் நெடுங்காலமாகப் பொறுத்துவரும் என் குணம். அந்தக் குணத்தை நம்பி வாசகர்கள் அனுப்பியவற்றில் ஆறு கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: உயர்தர ஒலி என்று சொல்லும் பாட்டுச் சேவைக்குக் கூடுதல் சந்தா கட்டி வருகிறேன். திரையில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. ஆனால் என் புளூடூத் ஹெட்போனில் பழைய சந்தாவுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பழுது ஹெட்போனிலா, என் காதிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒலி உங்கள் காது வரை வந்து சேரவே இல்லை. அந்த அளவிலான ஸ்டீரியோ ஒலியைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு 9,216 கிலோபிட் தேவை. வழக்கமான புளூடூத் ஹெட்போன்கள் அனைத்திலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்கமுறை ஏறக்குறைய 330 கிலோபிட்டோடு நின்றுவிடுகிறது. சோனியின் எல்டிஏசி முறைகூட, அலைக்குறுக்கீடு இல்லாத நல்ல வேளையில், 990 கிலோபிட் வரைதான் போகும். சாதாரண சிடியின் ஒலிக்கே 1,411 கிலோபிட் வேண்டும் என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வாய் அகலத்துக்குத்தான் நீர் விழும். சேவை நிறுவனம் உங்களுக்கு விற்றது பெரிய குடம், உங்களிடம் இருப்பதோ குறுகிய வாய்.

கம்பி வைத்த ஹெட்போனுக்கு மாறினால் தெரியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982இல் விற்பனைக்கு வந்த சிடியில், ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டுப் பதிவாகிறது. நைக்குவிஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றத்தின்படி, அந்த வேகத்தில் அளந்தால் 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வுகள் அனைத்தையும் குறையின்றித் திரும்பப் பெறலாம். இளங்காதுக்கே கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ், வயது ஏற ஏற அதுவும் இறங்கிக்கொண்டே வரும். ஆக, 192 கிலோஹெர்ட்ஸ் பதிவில் கூடுதலாக இருப்பவை பெரும்பாலும் மனிதக் காதுக்கு எட்டாதவை. 24 பிட் என்பதில் உள்ள பிட், ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறோம் என்ற கணக்கு. ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட்டுக்குப் பயன் உண்டு, ஏனென்றால் பதிவின்போது ஒலியளவு கூடிக் குறைந்தாலும் பின்னர்ச் சரிசெய்ய இடம் இருக்கும். கேட்பவருக்கு 16 பிட் தரும், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளியே மிக தாராளம்.

இதைப் படித்ததோடு நிற்காமல் ஒருநாள் சோதித்தும் பார்த்தேன். ஒரே பாட்டின் உயர்தரப் பதிவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே சிடி அளவிலான இன்னொரு கோப்பை உருவாக்கினேன். இரண்டில் ஒன்றை எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் ஒரு சிறு நிரலை எழுதி, கம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எது எது என்று இருபது முறை சொன்னேன். பதினொன்று சரியாக வந்தது. பூவா தலையா போட்டிருந்தாலும் அதே அளவுதான் வந்திருக்கும். ஆனால் 128 கிலோபிட் எம்பி3 கோப்பை வைத்து அதே சோதனையைச் செய்தபோது, டிரம்ஸின் சிம்பல் ஒலி நீரில் நனைந்ததுபோல் குழைந்து கேட்டதால், தவறாமல் கண்டுபிடித்தேன். இதைச் செய்து பார்க்க விரும்புபவர்கள் இரண்டு கோப்புகளின் ஒலியளவும் துல்லியமாகச் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று சற்றே உரக்கக் கேட்டால் அதுவே தரமானது என்று நம் மனம் தீர்ப்பு எழுதிவிடும். கடைகளில் விலையுயர்ந்த ஹெட்போன் சிறப்பாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் நெடுநாளைய ஐயம்.

ஆகவே கூடுதல் சந்தாவை நிறுத்திவிடுங்கள். அந்தத் தொகையைச் சேர்த்துவைத்து, காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பொருந்தும் ஹெட்போன் ஒன்றை வாங்கினால் வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரியும். மெத்தை தேய்ந்தால் தனியாக மாற்றிக்கொள்ள முடிகிற வகையாக அது இருக்கட்டும். நீங்கள் கீபோர்டு, கிட்டார் போன்ற கருவியைக் கணினியில் இணைத்து வாசிப்பவராக இருந்தால் மட்டும் புளூடூத்தைத் தொடவே வேண்டாம். விரல் பட்டு ஒலி காதுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில கருவிகளில் அதற்கும் மேல், தாமதமாகும், தாளம் நிற்காது.

கேள்வி: 1 டெராபைட் என்று அச்சிட்ட வெளிப்புற எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் கருவி) வாங்கினேன். கணினி 931 ஜிகாபைட் என்றுதான் காட்டுகிறது. நொடிக்கு 1,000 மெகாபைட் வேகம் என்று பெட்டியில் இருக்கிறது. எனக்குக் கிடைப்பது 40. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: முதலாவதில் ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஒரு டெராபைட் என்பதை லட்சம் கோடி பைட்டாக, அதாவது ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சுழியாக எண்ணுகிறார். விண்டோஸ் ஒரு ஜிகாபைட்டை 107,37,41,824 பைட்டாக எண்ணிக்கொண்டு, அதற்கும் ஜிகாபைட் என்றே பெயரிடுகிறது. வகுத்துப் பாருங்கள், சரியாக 931 வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998இலேயே கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்கள் வகுக்கப்பட்டன. என் தொழிலில் இருப்பவர்களே அவற்றை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவதால் குழப்பம் அப்படியே நீடிக்கிறது.

இரண்டாவது கேள்வியில், 40 என்ற எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. எஸ்எஸ்டியோடு வந்த கேபிளை எங்கேயோ வைத்துவிட்டு, கைப்பேசி சார்ஜர் கேபிளை மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யூஎஸ்பி-சி என்பது முனையின் வடிவத்துக்கு இட்ட பெயர், வேகத்துக்கு அல்ல. சார்ஜரோடு தரும் கேபிள்கள் பல, உள்ளே 2000ஆம் ஆண்டின் யூஎஸ்பி 2.0 கம்பிகளையே கொண்டவை. அவற்றின் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 60 மெகாபைட், நடைமுறையில் கிடைப்பது 40ஐ ஒட்டி. நூறு ஜிகாபைட் படங்களை நகலெடுக்க முக்கால் மணி நேரம் காத்திருப்பீர்கள். 10 ஜிகாபிட் கேபிளிலும் அதற்கேற்ற துளையிலும் அதே வேலை ஓரிரு நிமிடங்களில் முடியும். இரண்டு கேபிளையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதுதான் கொடுமை. நான் வேகமான கேபிளின் இரு முனைகளிலும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அதிகத் திறனுள்ள மடிக்கணினியைச் சார்ஜ் செய்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 60 வாட்டுக்கு மேல் கடத்தவேண்டுமானால் கேபிளுக்குள் அதன் திறனை அறிவிக்கும் சிறு சிப் இருக்கவேண்டும், எனவே வாட் அளவு குறிப்பிடப்பட்ட கேபிளாகவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கப் போகிறாள். கடைக்காரர் கேமிங் லேப்டாப்தான் நல்லது, பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் வலுவானவை என்கிறார். ரேம் என்ற தற்காலிக நினைவகம் 8 ஜிபி போதும், தேவைப்பட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைசி வாக்கியத்தை முதலில் சோதியுங்கள். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அவற்றில் இடமில்லை. அந்தக் குறிப்பிட்ட மாடலில் காலித் துளை உண்டா என்று கடைக்காரரின் வாய்மொழியை விட்டுத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பாருங்கள். துளை இல்லையென்றால், வாங்கும்போதே 16 ஜிபி இருக்கவேண்டும்.

ஒரு மாணவியின் திரையில் மாலை ஏழு மணிக்கு என்ன இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். முப்பது தாவல்கள் திறந்த பிரவுசர், நிரல் எழுதும் எடிட்டர், வகுப்பின் காணொளி, ஒரு டேட்டாபேஸ், இரண்டாம் ஆண்டில் இதனுடன், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினிபோல் ஓடும் ஒரு மெய்நிகர் கணினி. 8 ஜிபியில் இயங்குதளமே கணிசமான பங்கை எடுத்துக்கொண்டபின் மிச்சம் இவற்றுக்குப் போதாது. நினைவகம் நிரம்பினால் கணினி எஸ்எஸ்டியில் எழுதி எழுதிச் சமாளிக்கும், அது ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது, பிராசசர் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் கைகட்டிக் காத்திருக்கும். பாடத்திட்டத்துக்கு எழுதும் நிரல்களுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. அதனோடு சேர்ந்துவரும் எடை, சூடு, விசிறிச் சத்தம், சீக்கிரம் தீரும் பேட்டரி ஆகியவற்றை மட்டும் அவள் நாள்தோறும் தோளில் சுமப்பாள். இயந்திரக் கற்றலில் ஈடுபாடு வந்தால், தொடக்கப் பயிற்சிக்கு இணையவழியில் கணிப்பொறி நேரத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மீதமாகும் பணத்தைத் திரையில் போடுங்கள். நான்கு ஆண்டுகள் அவள் பார்க்கப்போவது அதைத்தான். அகலத்துக்கு உயரம் 16:9 என்றிருக்கும் திரையைவிட, சற்றே உயரம் கூடிய 16:10 விகிதத் திரையில் நிரலின் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் அந்தச் சில வரிகளுக்காக நான் கணினியையே மாற்றியிருக்கிறேன். அவள் விளையாடுவதற்காகத்தான் கேமிங் லேப்டாப் கேட்கிறாள் என்றால் அது நேர்மையான தேவை, அதை அப்படியே சொல்லி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினால் தட்டெழுதும் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. விரலுக்கு இன்பம் கூடும். நாளெல்லாம் தட்டுபவருக்கு அதுவே போதுமான காரணம். இவ்வகைக் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும், அதன் நிறமே அதன் வகையைச் சொல்லும். நீல ஸ்விட்ச் ஒவ்வொரு தட்டுக்கும் டிக்கென்று ஒலிக்கும். அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோன முதல் வாரத்திலேயே பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு நல்வார்த்தையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சத்தம் பிறருக்குத் தொல்லையாகும் இடமென்றால் பழுப்பு அல்லது சிவப்பு ஸ்விட்ச் எடுங்கள். மணிக்கட்டு வலிக்காக வாங்குவதாக இருந்தால், முதலில் மேசையின் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

கேள்வி: கைப்பேசியிலிருந்து இயக்கும் விளக்குகளை வீடு முழுவதும் போட்டேன். நிறுவனம் தன் செயலியை நிறுத்திவிட்டது. இப்போது சுவர் ஸ்விட்சால் அணைக்கவும் ஏற்றவும் மட்டுமே முடிகிறது. இனி எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் நிலையைவிட மோசமாக மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ரிவால்வ் என்ற வீட்டு இயக்கப் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தை 2014இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சர்வர் நிறுத்தப்பட்டபோது, பழுதே இல்லாத பெட்டிகள் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆயின. இப்படிப்பட்ட பொருள்களில் நீங்கள் வாங்குவது பாதிப் பொருளைத்தான். மறுபாதி வேறொருவருடைய கணினியில் ஓடுகிறது, அதன் மின்கட்டணத்தை அவர் எத்தனை நாள் கட்டுவார் என்பதற்கு உத்தரவாத அட்டையில் ஒரு வரிகூட இருக்காது.

இணையம் இல்லாமல் இது இயங்குமா என்ற ஒரே கேள்வியைத்தான் நான் கேட்பது வழக்கம். 2022இல் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிகள், வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒரு நிறுவனத்தின் செயலி போனாலும் வேறொன்றிலிருந்து அவற்றை இயக்கலாம். எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், வீட்டு வைஃபை ஓடிக்கொண்டிருக்க அதற்குள் வரும் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். என்னுடைய மேசை விளக்கு அந்தச் சோதனையில் தோற்றது; மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த நான் இட்ட கட்டளை, ஊர் பேர் தெரியாத சர்வருக்குப் போய்த் திரும்பித்தான் அதை ஏற்றி வந்திருக்கிறது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் பத்துப் பக்கம் அச்சிட்டாலே அதிகம். மூன்று இன்க்ஜெட் பிரிண்டர்கள் வரிசையாக அடைத்துக்கொண்டன. நான்காவதாக எது வாங்கலாம்?

பதில்: இன்னொரு இன்க்ஜெட் வேண்டாம். மை திரவம், நாள்கணக்கில் சும்மா இருந்தால் மயிரிழை போன்ற நுண்துளைகளில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய இயந்திரமே மையை வீணாக்கும். ஆக, நீங்கள் அச்சிட்டதைவிட அது குடித்ததே அதிகமாக இருந்திருக்கும். கறுப்பு வெள்ளை மட்டும் போதுமென்றால் லேசர் வகையை எடுங்கள். அதில் இருப்பது டோனர் என்னும் உலர்ந்த தூள், ஆறு மாதம் தொடாமல் கிடந்தாலும் முதல் பக்கம் தெளிவாக வரும். புதிய பெட்டியோடு வரும் டோனர் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் குறைவாகவே நிரப்பப்பட்டிருக்கும் என்பதால், அதில் எத்தனை பக்கம் வரும், மாற்றுக் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்கிறதா, பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜை அந்தப் பிரிண்டர் ஏற்குமா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.