வாசகர் கேள்வி பதில்: வீடியோவை ஏத்தியாச்சு, யாரு பாக்கணும்?

யுனிவர்சிட்டி வீடியோ தளத்துல பாடம், ப்ராஜெக்ட், பேட்டின்னு ஏத்துறவங்க சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைன்னு டெல்டா முழுக்க இருந்து எழுதியிருக்கீங்க, சந்தோஷம். கால்டுரா, பனோப்டோ, மைக்ரோசாஃப்ட் ஸ்ட்ரீம்னு இடத்துக்கு இடம் தளம் மாறும், பட்டன் இருக்கிற இடமும் மாறும், ஆனா வந்திருக்கிற கேள்வியில பாதிக்கு மேல ஒரே இடத்துலதான் வந்து முட்டுது. இதை யாரு பாக்கணும்னு ஏத்துறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணாம விட்டுடுறோம்.

கேள்வி: அண்ணா, கிராமத் தங்கல் பயிற்சியில ஆடுதுறை பக்கம் ஒரு ஊர்ல பாய் நாத்தங்கால் (மெஷின் நடவுக்காக நாத்தைப் பாய் மாதிரி வளர்க்கிறது) போடுறதை 9 நிமிஷ வீடியோவா எடுத்து எங்க யுனிவர்சிட்டி தளத்துல ஏத்தி, லிங்க்கை விவசாயிங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். என் போன்ல நல்லா ஓடுது, அவங்களுக்கு பாஸ்வேர்டு கேக்குதாம். ஏன்?
(வேளாண் கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: தம்பி, நீங்க கொடுத்தது வெறும் லிங்க்தான், பாக்குறதுக்கான அனுமதியைத் தனியா கொடுக்கணும். இந்தத் தளங்கள்ல ஏத்துன உடனே வீடியோ பெரும்பாலும் உங்களுக்கு மட்டும், இல்லன்னா யுனிவர்சிட்டி லாகின் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்க போன்ல ஏற்கனவே லாகின் பண்ணி வெச்சிருக்கிறதால ஓடுது, நாத்தங்கால்ல நிக்கிறவருக்கு யுனிவர்சிட்டி ஐடி ஏது, அதான் பாஸ்வேர்டு கேக்குது.

வீடியோ பக்கத்துல ஷேர்னு இருக்கும், அதுக்குள்ள போனா யாரு பாக்கலாம்னு சில படிகள் காட்டும். குறிப்பிட்ட ஆளுங்க மட்டும், நம்ம யுனிவர்சிட்டிக்காரங்க யாரும், லிங்க் கையில இருக்கிற யாரும், இப்படிப் போகும். உங்களுக்கு வேண்டியது இந்த மூணாவது. அதை மாத்திட்டு, மேல அட்ரஸ் பார்ல இருக்கிறதை காப்பி பண்ணாம, ஷேர் பெட்டிக்குள்ள வர்ற லிங்க்கையே எடுத்து அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி குரோம்ல இன்காக்னிட்டோ டேப் (உங்க லாகின் எதுவும் இல்லாம தொறக்குறது) தொறந்து அதுல ஒட்டிப் பாருங்க, லாகின் கேக்காம ஓடுச்சுன்னா குரூப்புல இருக்கிறவங்களுக்கும் ஓடும்.

அந்த மூணாவது படியே காணோம்னா அட்மின் மூடி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். உங்க வழிகாட்டி பேராசிரியர் மூலமா கேட்டு வாங்குங்க, ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடாதீங்க. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறக்குற வருஷத்துல குறுவை நாத்து விடுற வேலை அதையொட்டி கொஞ்ச வாரத்துக்குள்ள முடிஞ்சிடும், அந்த நேரத்துல ஓடாத வீடியோ ஆடி ஆவணியில ஓடி யாருக்குப் பிரயோஜனம். டெல்டா விவசாயிக்காகவே எடுத்த வீடியோ லாகினுக்குள்ள பூட்டிக் கிடக்கிறது எனக்கு மனசு ஒப்பவே இல்ல. கடைசி வழி, பேராசிரியர் அனுமதியோட யூடியூப்ல அன்லிஸ்டெட்னு (தேடினா வராது, லிங்க் இருக்கிறவங்க பாக்கலாம்) வெச்சுப் போடுறது. போன் நம்பர் சரிபார்க்காத கணக்குல 15 நிமிஷத்துக்கு மேல ஏறாது, உங்களுது 9 நிமிஷம்தான், தாராளமா ஏறும். முகம் தெரியிற விவசாயிங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி: சார், ஒரு மணி நேர வகுப்பை ஐபோன்ல எடுத்து வீட்டுல இருந்து ஏத்துறேன். 80, 90 சதவீதம் போனதும் கரண்ட் கட், திரும்ப முதல்ல இருந்து. ஒருவழியா ஏறினாலும் ப்ராசஸிங்னே ரொம்ப நேரம் நிக்குது. நெட்டை மாத்தணுமா?
(பேராசிரியை, மன்னார்குடி)

பதில்: நெட்டை மாத்துறதுக்கு முன்னாடி ஃபைல் சைஸைப் பாருங்கம்மா. ஐபோன்ல 4கேன்னு ரொம்பத் தெளிவான அளவுல வெச்சு எடுத்தா நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 170 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி வந்துடும். போர்டும் பவர்பாயிண்டும் தெளிவா தெரிய 720பின்னு அதை விடச் சின்ன அளவு போதும், அதை செகண்டுக்கு 2 மெகாபிட்ல (8 மெகாபிட் சேர்ந்தா ஒரு எம்பி) வெச்சா அதே ஒரு மணி நேரம் 900 எம்பிதான். உங்க வீட்டு அப்லோட் ஸ்பீடு செகண்டுக்கு 10 மெகாபிட்னு வெச்சுக்குங்க (ஸ்பீடு டெஸ்ட்ல ரெண்டு நம்பர் வரும், நம்ம பாக்க வேண்டியது ரெண்டாவது, அது பல வீட்டுல முதல் நம்பரை விட ரொம்ப கம்மியா இருக்கும்), 10 ஜிபி ஏற ரெண்டேகால் மணி நேரம், 900 எம்பி ஏற 12 நிமிஷம். நம்ம ஊர்ல ரெண்டேகால் மணி நேரம் கரண்டை நம்பி உக்கார முடியுமா, 12 நிமிஷம்னா முடியும்.

எடுக்கும்போதே கேமரா செட்டிங்ஸ்ல 720பி வெச்சுடுங்க, ஆனா அங்க 2 மெகாபிட்னு வெக்க முடியாது, அதனால 900 எம்பியை விடப் பெருசாதான் வரும். ஏற்கனவே எடுத்ததுக்கு ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஃபாஸ்ட் 720பி30ன்னு ரெடிமேடா ஒரு செட்டிங் இருக்கும், ஃபைலைப் போட்டு ஸ்டார்ட் கொடுத்தா எம்பி4 ஆக்கித் தரும். கம்ப்யூட்டர் பழசுன்னா அதுக்கே நேரம் எடுக்கும், ராத்திரி விட்டுட்டுப் படுத்துடலாம். ஒரிஜினலை மட்டும் உடனே அழிச்சிடாதீங்க.

ப்ராசஸிங் நிக்கிறதைப் பாத்து பயப்பட வேண்டாம். தளம் உங்க வீடியோவைப் பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு பல சைஸ்ல மாத்தி, ஒவ்வொண்ணையும் சில செகண்டு துண்டா நறுக்கி வெச்சுக்குது. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துல ஒரு கட்டை சிக்னல்ல பாக்குற பொண்ணுக்கு சின்ன சைஸ் துண்டு போகும், காலேஜ் லேப்ல பாக்குற பையனுக்குப் பெரிய துண்டு போகும், சிக்னல் ஏற இறங்க நடுவுலயே மாத்திக் கொடுக்கும். ஃபைலை அப்படியே அனுப்பினா இந்த வசதி கிடையாது. அதனாலதான் பென் டிரைவ்லயும் வாட்ஸ்அப்லயும் ஃபைலா சுத்த விடாம லிங்க்கா கொடுங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். அப்லோட் கோடு முழுசா முடியிற வரைக்கும் டேப்பை மூடாதீங்க, முடிஞ்சு ப்ராசஸிங் வந்துட்டா கம்ப்யூட்டரையே அணைச்சிட்டுப் போகலாம், மிச்ச வேலை அவங்க சர்வர்ல நடக்கும்.

கேள்வி: ஃப்ரெண்டு வாட்ஸ்அப்ல அனுப்புன வீடியோவையே தளத்துல ஏத்தலாமா?
(பாலிடெக்னிக் மாணவர், பட்டுக்கோட்டை)

பதில்: வேண்டாம் தம்பி, சாதாரணமா அனுப்புனா வாட்ஸ்அப் அதை ஏற்கனவே நசுக்கியிருக்கும், தளம் இன்னொரு தடவை நசுக்கும், போர்டுல இருக்கிற எழுத்து கலங்கிப் போயிடும். டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, 2 ஜிபி வரைக்கும் அப்படியே வரும்.

கேள்வி: திருவையாறு பக்கம் ஒரு மூத்த தவில் வித்வானை என் ஆய்வுக்காக பல நாள் உக்கார வெச்சுப் பதிவு பண்ணியிருக்கேன். வாசிப்பும் இருக்கு, பேச்சும் இருக்கு. பேச்சுல குடும்பத்துக்குள்ள நடந்த ஒரு பழைய மனஸ்தாபத்தை மனசுவிட்டுச் சொல்லிட்டு, "அதை மட்டும் வெளிய விட்டுடாதம்மா"ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார். துறையில முழுசா தளத்துல ஏத்தச் சொல்றாங்க, எடிட்டர்லயே அந்த இடத்தை வெட்டிக்கலாம்னும் சொல்றாங்க. சரியா வருமா?
(ஆய்வு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நீங்க தயங்கி நின்னு கேட்டதுக்கே ஒரு நன்றிம்மா. தளத்துலயே இருக்கிற எடிட்டர்ல வெட்டுறதை நம்பி ஏத்தாதீங்க. நிறைய தளத்துல அந்த வெட்டு, பாக்குறவங்களுக்குக் காட்டாம தாண்டிப் போறது மட்டும்தான், ஒரிஜினல் முழுசா சர்வர்லயே இருக்கும். பனோப்டோ அப்படித்தான், எப்ப வேணும்னாலும் வெட்டுனதைத் திரும்பக் கொண்டு வந்துடலாம். வகுப்பு வீடியோவுக்கு அது நல்ல வசதி, இந்த மாதிரி விஷயத்துக்கு ஆபத்து. நாளைக்கு எடிட் பண்ற உரிமை இருக்கிற வேற யாராவது ஒருத்தர் தெரியாம அதைத் திருப்பி விட்டாலே போச்சு. அதனால உங்க கம்ப்யூட்டர்லயே அந்தப் பகுதியை எடுத்துட்டு, மிச்சத்தைப் புது ஃபைலா சேவ் பண்ணி அதை மட்டும் ஏத்துங்க. வெட்டுன இடத்துக்கு முன்னாடி பின்னாடி ஒரு நிமிஷம் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, பேரு ஊரு ஏதாவது ஒட்டிக்கிட்டு நிக்கும்.

அப்புறம் வாசிப்பையும் பேச்சையும் ஒரே வீடியோவா போடாதீங்க, ரெண்டுக்கும் பாக்குற ஆளு வேற. வாசிப்பை அவர் சம்மதிச்சா நல்லாவே தொறந்து விடலாம், தவில் கத்துக்கிற பிள்ளைங்க எங்கெங்கயோ இருக்காங்க, அவங்களுக்கு ஒரு பெரியவரோட கையைக் கிட்டத்துல வெச்சுப் பாக்குறது எவ்வளவு பெரிய பாக்கியம். பேச்சை உங்க வழிகாட்டி, துறை ஆளுங்கன்னு பேர் பேரா சேர்த்து அவங்களுக்கு மட்டும் கொடுங்க. ஃபோல்டர்ல வெக்கும்போது கவனம், சில தளத்துல ஃபோல்டருக்கு என்ன அனுமதியோ அதுவே உள்ள இருக்கிற வீடியோவுக்கும் தானா வந்துடும்.

சட்டம் சொல்றதையும் துறையில சொல்லுங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல வாசிக்கிறவருக்கு, பாடுறவருக்குன்னே நிகழ்த்துபவர் உரிமை தனியா இருக்கு, அது 50 வருஷத்துக்கு நிக்கும். கேமரா உங்களுதா இருக்கலாம், வாசிப்பு அவரோடது. எதெது தளத்துல வரும், யாரு யாரு பாப்பாங்கன்னு தமிழ்ல எழுதி, வீட்டுல ஒருத்தரை வெச்சுக்கிட்டு அவர்கிட்ட படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்குங்க. அவருக்கே போன்ல ஓட்டியும் காட்டிடுங்க. வெட்டாத முழுப் பதிவை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ரெண்டு வேற வேற வீட்டுல வைங்க.

கேள்வி: டவுன்லோட் பட்டனை ஆஃப் பண்ணிட்டா யாரும் வீடியோவை எடுக்க முடியாது இல்லையா?
(உதவிப் பேராசிரியர், மயிலாடுதுறை)

பதில்: எடுக்கலாம் சார். ஸ்க்ரீன் ரெக்கார்டு பண்ணலாம், இன்னொரு போனை முன்னாடி பிடிச்சும் எடுக்கலாம். அந்த பட்டன் ஆஃப்ல இருக்கிறது நல்லதுதான், ஆனா மாணவிகளோட ஆண்டு விழா நடனம் மாதிரி விஷயத்துக்கு அதை மட்டும் நம்பாம, பாக்குற ஆளுங்களையே பேர் பேரா குறைச்சு வைங்க.

கேள்வி: வீடியோவுல ஒரு ஸ்லைடு தப்பா போச்சு, லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிட்டேன். டெலீட் பண்ணிட்டுப் புதுசா ஏத்தவா?
(ஆசிரியை, பாபநாசம்)

பதில்: டெலீட் பண்ணா அனுப்புன லிங்க் எல்லாம் செத்துடும் டீச்சர். எடிட்டுக்குள்ள ரீப்ளேஸ்னு இருக்கான்னு தேடுங்க, கால்டுராவுல இருக்கு, அதுல புது ஃபைலைக் கொடுத்தா பழைய லிங்க்லயே புது வீடியோ ஓடும்.

கேள்வி: கடலோர அரிப்பு பத்தி நான் எடுத்த ப்ராஜெக்ட் வீடியோ எங்க யுனிவர்சிட்டி தளத்துல இருக்கு. பயோடேட்டாவுல அந்த லிங்க்கைத்தான் போட்டு வேலைக்கு அனுப்புறேன். படிப்பு முடிஞ்ச பிறகும் இருக்குமா?
(எம்.எஸ்சி. இறுதியாண்டு, நாகப்பட்டினம்)

பதில்: இருக்கும்னு நம்பி இருக்காதீங்கம்மா. வீடியோ உங்க கணக்குல தொங்குது, படிப்பு முடிஞ்சு கணக்கை மூடுனா அதுவும் கூடவே போயிடலாம். மைக்ரோசாஃப்ட்ல கணக்கை நீக்கின பிறகு ஒன்ட்ரைவ்ல (உங்க வீடியோ ஃபைல் சேமிச்சு வெக்கிற இடம்) இருக்கிறது, அட்மின் வேற மாதிரி மாத்தி வெக்கலைன்னா 30 நாள்தான். டீம்ஸ் மீட்டிங் ரெக்கார்டிங்குக்கும் தானா காலாவதி ஆகுற தேதி ஒண்ணு இருக்கும், அதையும் பாத்து நீட்டிக்கணும். தளத்தையே மூடுறதும் உண்டு, மைக்ரோசாஃப்ட் ஸ்ட்ரீமோட பழைய வடிவத்தை 2024 ஏப்ரல் 15-ல நிறுத்திட்டாங்க.

டி.சி. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஒண்ணு, ஒரிஜினல் ஃபைலை டவுன்லோட் பண்ணி வெச்சுக்குங்க. இன்னொண்ணு, வீடியோவோட ஓனரை உங்க வழிகாட்டி பேருக்கோ துறை கணக்குக்கோ மாத்தித் தரச் சொல்லி ஐடி ஆளுங்ககிட்ட மெயில் போடுங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க. உங்க ஜூனியருக்கு அது உதவும், கடல் எவ்வளவு உள்ள வந்துச்சுன்னு அடுத்த வருஷம் எடுக்கிறவங்க ஒப்பிட்டுப் பாக்க உங்க வீடியோ வேணும். பயோடேட்டாவுக்கு, துறையோட அனுமதி வாங்கி உங்க சொந்தக் கணக்குல ஒரு காப்பி போட்டு அந்த லிங்க்கைக் கொடுங்க.

கேள்வி: எனக்குக் காது கேக்காது. பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். வகுப்பு வீடியோ எல்லாம் தளத்துல வருது, ஆனா ஆட்டோ கேப்ஷன் தப்புத் தப்பா வருது. நெல் கொள்முதல் பாடத்துல "கொள்முதல்" வர்ற இடமெல்லாம் "கொல் முதல்"னு வந்துச்சு, அந்தப் பாடம் எனக்குப் புரியவே இல்ல. சார்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல.
(மாணவி, திருத்துறைப்பூண்டி)

பதில்: தயங்காம கேளுங்கம்மா, நீங்க சலுகை கேக்கல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உங்க பக்கம் இருக்கு, உங்களுக்குப் புரியிற வடிவத்துல பாடம் கொடுக்க வேண்டியது காலேஜோட பொறுப்பு. பேசத் தயக்கமா இருந்தா இந்தப் பக்கத்தையே சார்கிட்ட காட்டுங்க, கீழ இருக்கிறது அவருக்காகத்தான் எழுதுறேன்.

சார், முழுசா உக்காந்து டைப் பண்ண வேண்டியதில்ல. தளத்துல ஆட்டோ கேப்ஷனை எஸ்ஆர்டி ஃபைலா டவுன்லோட் பண்ணி நோட்பேட்ல தொறங்க. ஒரு நம்பர், அதுக்குக் கீழ 00:00:05,000னு நேரம், அதுக்குக் கீழ பேச்சு, இப்படி அடுக்கடுக்கா இருக்கும். நேரத்தைத் தொடாம பேச்சை மட்டும் திருத்துங்க. கொள்முதல், ஈரப்பதம், ஆதார விலைன்னு அந்தப் பாடத்துல திரும்பத் திரும்ப வர்ற சொல்லை ரீப்ளேஸ் ஆல் கொடுத்தா ஒரே அடியில சரியாகும். வகுப்புல ஆளுக்குப் பத்து நிமிஷம்னு பிரிச்சுக் கொடுத்தா ஒரு மணி நேரப் பாடத்தை ஆறு பேர் முடிச்சிடுவாங்க, திருத்துற பிள்ளைங்களுக்கும் பாடம் மனசுல நிக்கும். சேவ் பண்ணும்போது என்கோடிங்ல யூடிஎஃப்-8னு இருக்கணும், இல்லன்னா தமிழ் எல்லாம் கேள்விக்குறியா மாறிடும். திருத்துனதை ஏத்துன பிறகு பழைய ஆட்டோ கேப்ஷனை டெலீட் பண்ணிடுங்க, இல்லன்னா பிளேயர்ல தமிழ்னு ரெண்டு வந்து நிக்கும், எது சரியானதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது.