எழுபதில் எழுத உட்காருபவர்களுக்கு: கேள்வி பதில்

குடும்பப் பெரியவர்கள் சொல்லும் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதித் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. வந்து சேர்ந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவை இவை.

கேள்வி: வயது 71. பிறந்ததிலிருந்து எழுதப் பார்த்தால் இரண்டு பக்கத்தோடு நின்றுவிடுகிறது. எங்கே ஆரம்பிப்பது?

நிற்கத்தான் செய்யும். பிறந்தது உங்களுக்கே நினைவில்லை, பிறர் சொன்னதை வைத்து எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்? வரிசையை விட்டுவிடுங்கள். வயதானவர்களுக்குச் சுமார் பத்திலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள்தான் அதிகம் மேலெழுகின்றன என்று நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அங்கே கை வையுங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். சின்ன வயதில் குடியிருந்த வீட்டைத் தாளில் கோடு போட்டு வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், யார் எங்கே படுப்பார்கள், ரேடியோ எந்த மூலையில் இருந்தது, எந்த அலமாரியைத் தொட்டால் அடி விழும்? வரைந்து முடிப்பதற்குள் நாலு சம்பவம் வந்து நிற்கும். அதில் ஒன்றை மட்டும் அன்றைக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு 80. இனிமேல் தொடங்கி முடிக்க முடியுமா?

முடியாமலும் போகலாம். அதனால் என்ன? உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல், அப்போது அவருக்கு வயது 84. 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. இன்றும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாரம் ஓர் அத்தியாயம் என்கிற அளவு நமக்கும் பொருந்தும். ஒவ்வொரு சம்பவமும் தன்னளவில் முழுதாக இருந்தால், எந்த இடத்தில் நின்றாலும் நஷ்டமில்லை. எழுதிய தேதியை மட்டும் மேலே போட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 86. பதிவு செய்யலாம் என்றால், "என் கதையில என்னடி இருக்கு" என்று எழுந்து போய்விடுகிறார்.

நீங்கள் "உன் சின்ன வயசைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டிருப்பீர்கள். அவ்வளவு பெரிய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுல ஓரமா நிக்கிறது யாரு?" என்று கேளுங்கள். "இவ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறா?" என்று அடுத்தது. அப்புறம் அவரே போவார்.

மின்விசிறியை நிறுத்துங்கள், அந்தச் சத்தம் பேச்சை அமுக்கிவிடும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். தொடக்கத்தில் தேதியையும், யார் யார் இருக்கிறீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் போதும், களைப்பதற்குள் நிறுத்துங்கள். முக்கியமாக, அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் இதுவரை யாரிடமும் சொல்லாததாக இருக்கும். அவர் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் குறுக்கே திருத்தவும் வேண்டாம்.

கேள்வி: நான் எழுதியதைப் படித்த அண்ணன், "இது நடக்கவே இல்லை" என்கிறார்.

நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிக்கொள்வது, இருவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். அண்ணன் சொல்வதையும் அதே பக்கத்தில் சேருங்கள், எழுத்து இன்னும் சுவையாகும். தேதி, முகவரி போன்றவற்றுக்கு மட்டும் பள்ளிச் சான்றிதழ், பத்திரம், கடித உறையின் தபால் முத்திரை ஆகியவற்றைப் பாருங்கள்.

கேள்வி: சொத்தை அழித்த ஒரு உறவினரைப் பற்றி எழுதலாமா? அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எழுதுவது வேறு, கொடுப்பது வேறு. முதலில் யாரையும் மனதில் வைக்காமல் முழுசாக எழுதுங்கள். பிறகு அதில் நீங்கள் கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரியுங்கள். கேள்விப்பட்டதை எடுத்துவிட்டால் பாதி விஷம் குறைந்துவிடும். மீதியை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பதை நிதானமாக முடிவு செய்யலாம். பழி தீர்ப்பதற்காக எழுதினால் அது வாசகருக்குச் சட்டென்று தெரிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: பெட்டி நிறையப் பழைய படங்கள். என்ன செய்வது?

முதலில் பெயர்கள். முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே உட்கார்ந்துவிடுங்கள், ஸ்கேன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அதன் தடம் முன்பக்கம் எழும்பும். வழுவழுப்பான தாளில் பென்சில் ஏறாது, அப்படிப்பட்ட படத்தைக் காகித உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்திலிருந்து படங்களை மெதுவாக விடுவியுங்கள், அந்தப் பசை காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். சின்னப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்யலாம். ஸ்கேன் செய்த கோப்புகளை மூன்று பிரதியாக, கணினி, பென் டிரைவ் என்று இரண்டு வகைச் சாதனங்களில் வையுங்கள், ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: கை நடுங்குகிறது. போனில் பேசியே எழுத்தாக்கலாமா?

தாராளமாக. ஆனால் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் அது கடித்துத் துப்பும். அன்றைக்கே யாரையாவது உட்காரவைத்துத் திருத்திவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் படித்தால் என்ன சொன்னோம் என்று உங்களுக்கே விளங்காது. குரல் பதிவையும் அழிக்காதீர்கள்.